கடலைப் பெருக்கிய அத்தான்

எங்கள் அத்தானைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லு என்று யாராவது கேட்டால், சுத்தம், சுத்தம், சுத்தம், சுத்தம் என்று சொல்லி முடித்துவிடுவேன். அக்காவின் கணவர் என்பதால் எனக்கு அத்தான். துறைமுகத்தில் மற்ற எல்லாருக்கும் அவர் பளபளா. மீன்பிடிப் படகு ஓட்டுகிற மனிதருக்கு இப்படியும் ஒரு பட்டப்பெயர் வருமா என்று கேட்பீர்கள். அவருடைய படகை ஒரு தரம் பார்த்துவிட்டால் கேட்க மாட்டீர்கள். கயிறெல்லாம் ஒரே அளவில் சுருண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். மீன் பெட்டிகளின் கைப்பிடிகள் ஒரே திசையைப் பார்த்திருக்கும். நங்கூரத்தைத் தண்ணீருக்குள் இறக்குவதற்கு முன்னால் கழுவுகிற ஆளை நான் இவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

"கடல்லதானே போடப்போறோம் அத்தான்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதுக்காக அழுக்கோடவா போடுவாங்க?" என்றார். 

முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். அக்கா காபியோடு எதிரே வந்து நிற்கிறாள். இவர் அவளைப் பார்க்கவில்லை. எழுந்து போய், சுவரில் கோணலாகத் தொங்கிய நாட்காட்டியை நேராக்கினார். பின்னால் தள்ளி வந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறுபடியும் போய் ஒரு மயிரிழை திருத்தினார். அதற்குப் பிறகுதான் அக்கா பக்கம் திரும்பினார். "நாட்காட்டியைத்தான் கட்டிக்க வந்திருக்கார்னு நெனச்சேன்" என்று அவள் இன்றைக்கும் சொல்வாள். ஈரத் துண்டைக்கூட நாலாக மடித்து வைக்கிற மனிதரோடு குடும்பம் நடத்துவது லேசா? "நான் கொஞ்சம் அசந்தா போதும்டா, என்னையும் மடிச்சு அலமாரியில வெச்சுடுவார்" என்பாள்.

வலைக் கிடங்கு ஒன்றின் மாடியில், ஒற்றை அறையில், ஏழெட்டுப் பிள்ளைகளோடு வளர்ந்தவர் அவர். அங்கே தன் துணியைத் தான் மடித்து வைக்காவிட்டால், ராத்திரி யாராவது அதன் மேல் படுத்திருப்பார்களாம். பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. பிடிவாதம் மட்டும் அவருடைய சொந்தச் சம்பாத்தியம்.

சும்மா சொல்லக் கூடாது, படகு ஓட்டுவதில் அவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. காற்று திரும்புவதற்கு முன்பே அவர் மூக்கு திரும்பிவிடும். அவர் படகில் எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவன் நான். வலை இழுக்கிறவரை நாங்கள் பேச்சாளர் என்போம். ஒரு பயணத்துக்கு நாலைந்து சொல்லுக்கு மேல் அவர் வாயிலிருந்து வராது என்பதால் வைத்த பெயர். ஆக, ஒருவர் துடைத்துக்கொண்டிருப்பார், ஒருவர் வாயைத் திறக்க மாட்டார். எங்கள் படகில் பேசுகிற வேலை முழுவதும் என் தலையில்.

இப்படி இருக்கும்போதுதான் ரேடார் வந்தது. வரவழைத்தது அக்கா. ஒரு மூடுபனிக் காலையில் பெரிய கப்பல் ஒன்று எங்களை இடிக்காத குறையாகக் கடந்து போனது. வீட்டுக்கு வந்து அந்தக் கதையைக் கண் காது மூக்கு எல்லாம் வைத்துச் சொன்னேன். கேட்ட அக்கா, "படகுல ரேடார் ஏறாம நீங்க இந்தப் படி ஏறக் கூடாது" என்று அத்தானிடம் ஒரே போடாகப் போட்டாள். மறுவாரமே வட்டப் பெட்டி ஒன்று எங்கள் கம்பத்தின் உச்சியில் ஏறிவிட்டது. சுக்கான் பக்கத்தில் ஒரு சின்னத் திரை, அதன் கீழே மூன்று திருகுகள்.

மாட்ட வந்த மெக்கானிக் நல்ல மனிதர், பொறுமைசாலி. ஒவ்வொரு திருகாகத் தொட்டுக் காட்டி விளக்கினார். ஆனால் அவர் செய்த ஒரே தப்பு, தேநீர்க் கோப்பையை அத்தானின் வரைபட மேசையில் வைத்ததுதான். கோப்பையை எடுத்ததும் அங்கே ஒரு பழுப்பு வட்டம். அத்தானின் கண் அதில் போய் ஒட்டிக்கொண்டது. இந்த ஆள் எப்போது போவார், நாம் எப்போது துடைக்கலாம் என்று கை பரபரக்க நின்றுகொண்டிருந்தாராம்.

மெக்கானிக் அந்த நேரத்தில் சொன்னது இதுதான். பிற்பாடு அவரே தலையில் அடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "ரேடாருக்கு அலைன்னும் படகுன்னும் வித்தியாசம் தெரியாதுங்க. எது மேல பட்டுத் திரும்பினாலும் ஒரு புள்ளி வெச்சுடும். அலைப் புள்ளி ரொம்ப இருந்தா நடுத் திருகைக் கொஞ்சமாத் திருப்புங்க. முழுசாத் திருப்பிடாதீங்க. அலையோட சேர்த்து, பக்கத்துல இருக்கற சின்னப் படகும் காணாமப் போயிடும்."

அத்தான் தலையை ஆட்டினார். மெக்கானிக் இறங்கியதும் மேசையைத் துடைத்தார்.

முதல் நாள் கடலுக்குப் போனதும் திரையைப் போட்டார். நடுவில் நாங்கள், எங்களைச் சுற்றி ஒரே புள்ளி. "என்னடா இது, அம்மை போட்ட மாதிரி இருக்கு!" என்று முகத்தைச் சுளித்தார். ஒவ்வொரு திருகாகத் திருகிப் பார்த்தார். நடுத் திருகைத் திருப்பத் திருப்பப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசி வரை திருப்பினார். திரை கழுவி வைத்த தட்டு மாதிரி ஆகிவிட்டது. அந்த முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் அவர் மகள் பிறந்த அன்றுதான் பார்த்திருந்தேன்.

"பாத்தியா, கடலையே பெருக்கியாச்சு!" என்றார்.

அன்றிலிருந்து அதுவே பேச்சாகிவிட்டது. கரையை விட்டுக் கிளம்பியதும் முதல் வேலை கடலைப் பெருக்குவது. தூரத்தில் வருகிற பெரிய கப்பல்கள் திரையில் நன்றாகவே தெரிந்ததால் எங்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. துறைமுகத்தில் எதிரே வருகிறவர்களெல்லாம், "என்ன பளபளா, இன்னைக்குப் பெருக்கியாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவரும் பெருமையாக, "காலையிலயே பெருக்கியாச்சு" என்பார். கிண்டல் என்பதே அவருக்குப் புரியாது. அவருடைய நல்ல குணங்களில் அதுவும் ஒன்று.

இப்பேர்ப்பட்டவருக்கு எப்பேர்ப்பட்ட மருமகன் வாய்த்தான் தெரியுமா? மகள் துறைமுக அலுவலகத்தில் வயர்லெஸ் பார்க்கிறவள், கெட்டிக்காரி. ஆளைத் தானே தேர்ந்தெடுத்தாள். தங்கமான பையன், உழைப்பாளி, அவள் மேல் உயிரையே வைத்திருந்தான். ஆனால் சட்டையில் இரண்டு பொத்தான் ஒழுங்காகப் போட்டு நான் பார்த்ததில்லை. சின்ன ஃபைபர் படகு ஒன்றில் முகத்துவாரத்துக்கு வெளியே நண்டுக் கூடு போடுவான். அந்தப் படகுக்குள் கயிறு, கூடு, செருப்பு, நேற்றைய சாப்பாட்டுப் பாத்திரம் எல்லாம் ஒன்றாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். அத்தான் அந்தப் படகைக் கடக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

அதுவாவது போகட்டும். மூடுபனிக் காலம் தொடங்கியதும் மருமகன் தன் படகின் கம்பத்தில் நசுங்கிய பிஸ்கட் டப்பா, எண்ணெய் டின், பாத்திர மூடி என்று ஒரு கொத்தைக் கட்டித் தொங்கவிட்டான். ஃபைபர் படகு ரேடாரில் சரியாகத் தெரியாது, தகரம் தொங்கினால் தெரியும் என்று அதே மெக்கானிக் அவனிடம் சொல்லியிருக்கிறார். அவன் கோப்பை வட்டத்தைப் பார்க்காமல் காது கொடுத்துக் கேட்டிருக்கிறான் போலும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தானால் அடக்க முடியவில்லை.

"ஏன் மாப்ள, மீன் பிடிக்கிறதை விட்டுட்டுப் பழைய இரும்புக் கடை வெச்சுட்டீங்களா?"

"அது உங்களுக்காகத்தான் மாமா. பனியில வரும்போது உங்க ரேடார்ல நான் தெரியணும் இல்ல?"

"என் ரேடார்ல குப்பையெல்லாம் தெரியாது."

சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கிற பழக்கம் அந்த மனிதருக்கு ஏது? மருமகன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டான். மகளும் அவனோடு எழுந்தாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் பேசற அன்னைக்குத்தான்பா நான் இந்த வீட்டுக்குள்ள வருவேன்" என்றாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அத்தான் உட்கார்ந்து, மேசையில் சிந்தியிருந்ததை ஓரம் ஓரமாகத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

வாரங்கள் ஓடின, மாமனாரும் மருமகனும் பேசவில்லை. அத்தானுக்கு உள்ளுக்குள் மகளின் நினைப்புதான். அதை வெளியே காட்டினால் கௌரவம் என்ன ஆவது? கடைசியில் ஒரு நாள் விடியற்காலையில் கடலுக்குக் கிளம்பும்போது என்னிடம் பெருமையாக ஒன்று சொன்னார்.

"நேத்து சாயங்காலம் மாப்ள படகுல ஏறி அந்தத் தகரத்தையெல்லாம் அவுத்துட்டேன்டா. இனிமே எனக்குக் கோபம் வராது. கோபம் வராட்டி நானே போய்ப் பேசிடுவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கேக்காமலா? ஏன் அத்தான், உங்களுக்கு இந்த வேண்டாத வேலை?"

"தூக்கியா போட்டேன்? கழுவித் துடைச்சு, சாக்குல போட்டு, பலகைக்கு அடியில பத்திரமா வெச்சிருக்கேன்."

சமாதானம் செய்துகொள்ள இந்த உலகத்தில் வேறு வழியே இல்லை பாருங்கள்! கரைக்குத் திரும்பியதும் நானே அவனிடம் சொல்லிவிடுகிறேன் என்று திட்டிவிட்டு எஞ்சினைப் பார்க்கப் போனேன். மருமகன் அதற்குள் இருட்டோடு இருட்டாகக் கிளம்பிப் போயிருந்தான்.

வலையை இழுத்துவிட்டுத் திரும்பும்போது பனி இறங்கியது. எங்கள் படகின் முன்முனையே எனக்குத் தெரியவில்லை. அத்தான் கவலைப்படவில்லை. பெருக்கி வைத்த திரை எதிரே பளிச்சென்று இருந்தது. முகத்துவாரத்தை நோக்கி நல்ல வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தோம். அப்போது வயர்லெஸ் கூப்பிட்டது. வேலை நேரத்தில் எங்கள் படகை எண் சொல்லித்தான் மகள் கூப்பிடுவாள். அன்றைக்கு "அப்பா" என்றாள்.

"அப்பா, எங்க வர்றீங்க?"

"முகத்துவாரத்துக்குப் பக்கத்துல வந்துட்டேன்மா. என்ன?"

"அவர் எஞ்சின் நின்னுபோச்சுப்பா. முகத்துவாரத்துக்கு வெளிய மிதந்துட்டு இருக்கார். நீங்க வர்ற வழிதான். போன்ல சொல்லிட்டு இருக்கும்போதே அதுவும் அணைஞ்சுடுச்சு. உங்க திரையில தெரியறாரான்னு பாருங்கப்பா."

அத்தான் குனிந்து பார்த்தார்.

"இல்லம்மா. கிட்டத்துல யாரும் இல்ல. கடல் சுத்தமா இருக்கு."

வயர்லெஸ் கொஞ்ச நேரம் கரகரத்தது. பிறகு அவள் குரல் வந்தது. அது அவள் குரல் மாதிரியே இல்லை.

"சுத்தமா இருக்கா? அப்ப அவர் எங்கப்பா?"

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. சுத்தம் என்ற சொல்லைக் கேட்டு அந்த மனிதர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.  படகு கவிழ்ந்திருந்தால்தானே ஒன்றும் தெரியாமல் இருக்கும்? அத்தான் வேகத்தைக் குறைத்துவிட்டு, திரையைக் கையால் துடைத்துப் பார்த்தார். கண்ணாடியில் தூசி இருந்தால் அல்லவா துடைப்பதற்கு?

பின்னாலிருந்து பேச்சாளர் வாயைத் திறந்தார்.

"முதல் நாள் அவ்வளவு புள்ளி இருந்துச்சே. அதெல்லாம் எங்க போச்சு?"

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். அவர் நடுத் திருகைக் காட்டினார்.

"பெருக்கினதைத் திரும்பக் கொட்டுங்க."

அத்தான் திருகைப் பின்னால் திருப்பினார். திரை முழுக்கப் புள்ளி பூத்தது. எங்களைச் சுற்றி அத்தனையும் குப்பை. எந்தக் குப்பையைப் பார்த்து முகம் சுளித்தாரோ, அதற்குள் மூக்கே முட்டுகிற மாதிரி முகத்தைக் கொண்டுபோய் வைத்துத் தேடினார். ரேடார் ஒரு சுற்று சுற்றியதும் பாதிப் புள்ளிகள் இடம் மாறின. அடுத்த சுற்றில் வேறு பாதி.

"வந்து வந்து போறதெல்லாம் அலைடா" என்று முணுமுணுத்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகவே கண்டுபிடித்தார். "போகாம நிக்கறதுதான் படகு. போகாதது எது, போகாதது எது..."

ஒன்று போகவில்லை. மங்கலான புள்ளிதான். ஒவ்வொரு சுற்றிலும் அதே நேர்கோட்டில், எங்கள் முகத்துக்கு நேராக நின்றது. நின்றதோடு இல்லாமல் திரையின் நடுவை நோக்கி நெருங்கிக்கொண்டிருந்தது. நடுவில் இருப்பது நாங்கள்.

"பின்னால போடுடா!" என்று அத்தான் கத்தினார்.

எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டேன். படகு மொத்தமும் உதறியது. சுருட்டி வைத்த கயிறெல்லாம் சரிந்து உருண்டது. மீன் பெட்டிகள் ஆளுக்கொரு பக்கம் ஓடின. ஒருவழியாக நின்ற பிறகு எதிரே பார்த்தால், ஒரு துடுப்பை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பனிக்குள்ளிருந்து ஃபைபர் படகு வெளிவந்தது. அதன் பலகை மேல் மருமகன் ஏறி நின்றுகொண்டிருந்தான். டப்பா, டின், மூடி எல்லாவற்றையும் ஒரு கொத்தாகச் சேர்த்து இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான்.

எங்களைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "தெரிஞ்சேனா மாமா?"

அத்தான் படகின் விளிம்புக்கு ஓடி வந்தார்.

"தெரிஞ்சேன் இல்ல? அப்ப கையை இறக்கட்டுமா? ரொம்ப நேரமா தூக்கிட்டு நிக்கிறேன், தோள்பட்டை விட்டுப்போச்சு."

"கம்பத்துல கட்டித் தொலையறதுதானே?" என்று நான்தான் கத்தினேன். பயத்தில் வந்த கோபம்.

"கட்டலாம்னுதான் பார்த்தேன். கயிறு கிடைக்கல. யாரோ அழகாச் சுருட்டி எங்கயோ வெச்சுட்டாங்க. பலகைக்கு அடியில சாக்கோட வாய் நாலா மடிஞ்சு இருக்கறதைப் பார்த்ததுமே யார் வேலைன்னு புரிஞ்சுபோச்சு." அவன் பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன. இருந்தாலும் சிரித்தான். "சரி, அவுத்தவரே இந்த வழியாத்தான் வருவாரு, கையில தூக்கிப் பிடிச்சா பார்த்துடுவாருன்னு நின்னேன்."

இவன் அங்கே இவர் பார்ப்பார் என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். இவர் இங்கே அவனைப் பெருக்கித் தள்ளிவிட்டு, கடல் சுத்தம் என்று சொல்லிக்கொண்டு வருகிறார். அத்தான் அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டார். சிந்திக் கிடந்த மீனுக்கும் சரிந்த கயிற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். "நான்தான் மாப்ள... அதை அவுத்ததும் நான்தான், உங்களைத் துடைச்சுப் போட்டதும் நான்தான்" என்றார். சொன்னதைத் திரும்ப எடுக்காதவர் அன்றைக்கு எல்லாவற்றையும் எடுத்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு எனக்கும் கண்ணில் நீர் முட்டியதே தவிர, ஒரு கேலி வரவில்லை.

வயர்லெஸ் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "அப்பா, தெரியறாராப்பா? ஏதாவது சொல்லுங்கப்பா!"

அத்தான் எழுந்து போய் எடுத்தார். "தெரியறார்மா. சட்டைப் பொத்தான் போடாம நிக்கிறார். நல்லா இருக்கார்மா" என்றார். அந்தப் பக்கம் அவள் விம்மியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

அந்த வாரமே மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். அத்தான் அவர் பக்கத்திலேயே நின்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் மெக்கானிக்கின் கோப்பை எத்தனை வட்டம் போட்டது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. எல்லாம் சொல்லி முடித்த பிறகு மெக்கானிக் திரையைப் பார்த்து, "இவ்வளவு புள்ளி வேண்டாங்க, கண்ணு வலிக்கும். கொஞ்சம் குறைச்சுத் தரேன்" என்று நடுத் திருகில் கை வைத்தார்.

அத்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டுங்க. இதுல எந்த வீட்டு மாப்பிள்ளை கையைத் தூக்கிட்டு நிக்கிறானோ."